பிளேஸ்டேஷன் 1 எமுலேட்டர் பாதியில் நின்றுபோனால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சோனியின் முதல் பிளேஸ்டேஷன் 1994 டிசம்பர் 3 அன்று ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அதன் விளையாட்டுகளை இன்று எமுலேட்டர், அதாவது பிளேஸ்டேஷனைப் போலவே நடந்துகொள்ளும் நிரல், வழியாகக் கணினியிலும் கைபேசியிலும் ஆடுகிறோம். நடுவில் ஆட்டம் உறைந்துபோவதையும், எமுலேட்டர் சொல்லாமல் கொள்ளாமல் மூடிக்கொள்வதையும் பார்த்துப் பலர் முதல் வாரத்திலேயே விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது மிகவும் வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் இவற்றில் பெரும்பாலானவை சிறிது பொறுமை இருந்தால் தீர்ந்துவிடும். நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கணினியில் டக்ஸ்டேஷன், கைபேசியில் ரெட்ரோஆர்க் ஆகிய இரண்டு நிரல்களையும் மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன்.

ஆட்டம் நின்றுவிட்டது. முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

எது நின்றது என்பதைப் பாருங்கள். எமுலேட்டர் ஓடும்போது உங்கள் மேசையில் இரண்டு இயந்திரங்கள் இருக்கின்றன. வெளியே உங்கள் கணினி. அதற்குள்ளே, 2 மெகாபைட் நினைவகத்தோடு ஒரு பிளேஸ்டேஷன். விழுந்தது உள்ளே இருப்பதா, வெளியே இருப்பதா என்று தெரியாமல் மருந்து தேடினால் நாள் முழுவதும் வீணாகும்.

சோதனை எளிது. படம் உறைந்த நிலையில் எமுலேட்டரின் மெனுவைத் திறந்து பாருங்கள். மெனு திறந்தால் எமுலேட்டர் உயிரோடு இருக்கிறது, உள்ளே இருக்கும் பிளேஸ்டேஷன்தான் தடுமாறியிருக்கிறது. அப்போது டிஸ்க் இமேஜ் (வட்டின் உள்ளடக்கத்தை நகலெடுத்த கோப்பு), பயாஸ் (பிளேஸ்டேஷனைத் துவக்கும் சோனியின் நிரல்), அமைப்புகள் ஆகிய மூன்றில் ஒன்றைத்தான் சந்தேகிக்க வேண்டும். சன்னலே மறைந்துவிட்டால் கோளாறு வெளியே இருக்கிறது: கிராபிக்ஸ் டிரைவர், விண்டோஸ், விடுபட்ட நூலகக் கோப்பு, அல்லது இடையில் நுழையும் வேறு நிரல். திரை முழுவதும் ஒரு கணம் கறுத்துப் பிறகு திரும்பினால், கிராபிக்ஸ் டிரைவர் மீண்டும் துவங்கியிருக்கிறது என்று பொருள்.

ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில், ஒரே காணொளிக் காட்சியில் உறைந்துபோகிறது. ஏன்?

ஒரே இடம் என்றால் என் முதல் சந்தேகம் டிஸ்க் இமேஜ் மீதுதான். வட்டில் கீறல் இருந்து, படித்து எடுக்கும்போது ஒரு சிறு பகுதி தவறாகப் பதிவாகியிருந்தால், ஆட்டம் அந்தப் பகுதியைக் கேட்கும் தருணம் வரை எல்லாம் ஒழுங்காகவே நடக்கும். இருபது மணி நேரம் ஆடிய பிறகு இப்படி நின்றால் மனம் உடைந்துபோகும். அதனால் ஆடத் தொடங்கும் முன்பே இமேஜைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. குறுந்தகட்டில் ஒரு வினாடிக்கு 75 செக்டர்கள்; ஒவ்வொன்றும் முழுமையாக எடுத்தால் 2352 பைட். ஆகவே இமேஜின் தரவு இருக்கும் பிஐஎன் கோப்பின் அளவை பைட் கணக்கில் பார்த்து 2352-ஆல் வகுத்தால் மீதி வரக்கூடாது. 74 நிமிட வட்டு நிரம்பியிருந்தால் 3,33,000 செக்டர், அதாவது 78,32,16,000 பைட். மீதி வந்தால் கோப்பு பாதியில் அறுந்திருக்கிறது, அல்லது வேறு வடிவத்தில் எடுக்கப்பட்டிருக்கிறது. மேலே எதையும் தேட வேண்டாம், வட்டிலிருந்து மறுபடி எடுங்கள்.

மீதி வராவிட்டாலும் உள்ளே பிழை இருக்கலாம். அதற்குக் கோப்பின் கைரேகை போன்ற எம்டி5 அல்லது எஸ்எச்ஏ-1 எண்ணைக் கணக்கிட்டு, ரீடம்ப் என்ற தன்னார்வலர் திட்டம் சேர்த்துவைத்திருக்கும் பட்டியலோடு ஒப்பிடுங்கள். டக்ஸ்டேஷனில் விளையாட்டின் விவரப் பக்கத்திலேயே இந்தச் சோதனை இருக்கிறது. வட்டு கையில் இருப்பவர்கள் அதை இரண்டு முறை எடுத்து இரண்டு எண்களும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்ப்பதும் நல்ல வழி.

நேற்று வரை ஓடிய விளையாட்டு, கோப்புகளை ஒழுங்குபடுத்திய பிறகு திறக்கவே மறுக்கிறது.

என் அக்கா மகன் தன் சேகரிப்பை அழகாக அடுக்கப் போய் இதில்தான் மாட்டிக்கொண்டான். பிஐஎன் கோப்பின் நீண்ட பெயரைச் சுருக்கி, கியூ கோப்பின் பெயரையும் அதற்கேற்ப மாற்றியிருந்தான். வெளிப்பார்வைக்கு எல்லாம் சரி. ஆனால் கியூ கோப்பு என்பது வட்டின் தடங்களைப் பட்டியலிடும் வெறும் எழுத்துக் கோப்பு. நோட்பேடில் திறந்தால் முதல் வரியிலேயே, இரட்டை மேற்கோள் குறிகளுக்குள் பிஐஎன் கோப்பின் பெயர் எழுதியிருக்கும். அந்த வரியில் இன்னும் பழைய பெயரே இருந்தது. எமுலேட்டர் அந்தப் பெயரைத் தேடி, கிடைக்காமல் நின்றுவிட்டது. மேற்கோளுக்குள் புதிய பெயரை எழுதிச் சேமித்தோம், உடனே ஓடியது.

பாடல் தடங்கள் தனித்தனிக் கோப்புகளாக இருக்கும் விளையாட்டுகளில் இருபது, முப்பது வரிகள்கூட இருக்கும். அவற்றை ஒவ்வொன்றாகத் திருத்துவதைவிட எல்லாவற்றையும் ஒரே சிஎச்டி கோப்பாக மாற்றிக்கொள்வது நிம்மதி. மேம் என்ற எமுலேட்டர் திட்டத்தோடு வரும் சிஎச்டிமேன் என்ற கருவி அதைச் செய்கிறது. தரவு எதுவும் இழக்காமல் இடமும் மிச்சமாகும். அதன் பிறகு பெயரை எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கோப்புறைக்குத் தமிழில் பெயர் வைத்திருப்பவர்களுக்குப் பழைய எமுலேட்டர்களில் சிக்கல் வரும். யுனிகோடு எழுத்துகளைக் கையாளத் தெரியாத காலத்தில் எழுதப்பட்டவை அவை. தமிழ்ப் பெயரைத் தாங்கும் புதிய எமுலேட்டருக்கு மாறுங்கள். முடியாவிட்டால் விளையாட்டுகளை மட்டும் ஆங்கிலப் பெயருள்ள கோப்புறைக்கு நகர்த்துங்கள்.

ஐஎஸ்ஓ கோப்பாக வைத்திருக்கிறேன். பாட்டு இல்லை, காணொளி வரும்போது நிற்கிறது.

ஐஎஸ்ஓ ஒவ்வொரு செக்டரிலும் 2048 பைட்டை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை விட்டுவிடும். பிளேஸ்டேஷன் விளையாட்டுகள் காணொளியையும் குரலையும் பெரும்பாலும் 2324 பைட் கொண்ட வேறு வகைச் செக்டர்களில் வைக்கின்றன. ஐஎஸ்ஓவாக மாற்றும்போது அவை வெட்டுப்பட்டுப் போகும், தனித் தடங்களில் உள்ள பாடல்களும் போய்விடும். போனதை ஐஎஸ்ஓவிலிருந்து மீட்க முடியாது. வட்டிலிருந்து பிஐஎன், கியூ வடிவில் மறுபடி எடுப்பதுதான் வழி.

பயாஸ் கோப்பு வைத்த பிறகும் கறுப்புத் திரைதான். என்ன தவறு?

அளவைப் பாருங்கள். முதல் பிளேஸ்டேஷனின் பயாஸ் சரியாக 5,24,288 பைட், அதாவது 512 கிலோபைட். ஒரு பைட் கூடினாலும் குறைந்தாலும் அது பழுது. ஜிப் கோப்பைப் பிரிக்காமல் அப்படியே வைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது பிராந்தியம். எஸ்சிபிஎச்-5500 ஜப்பானுக்கு, 5501 வட அமெரிக்காவுக்கு, 5502 ஐரோப்பாவுக்கு. ஐரோப்பிய விளையாட்டை அமெரிக்க பயாஸில் ஏற்றினால் சில நேரம் ஓடும், சில நேரம் துவக்கப் படத்தோடு நின்றுவிடும். மூன்றையும் வைத்துக்கொண்டால் எமுலேட்டர் தானே பொருத்தமானதை எடுத்துக்கொள்ளும்.

ரெட்ரோஆர்க்கில் எமுலேட்டர் வேலையைச் செய்யும் பகுதிக்குக் கோர் என்று பெயர். அவற்றில் பீட்டில் கோர் பயன்படுத்துபவர்கள் இங்கே ஒரு கணம் நிற்க வேண்டும். அந்தக் கோர் கோப்பின் பெயரை எழுத்துக்கு எழுத்து எதிர்பார்க்கிறது, அதுவும் சிறிய ஆங்கில எழுத்துகளில். விண்டோஸில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு இல்லாததால் எப்படி எழுதினாலும் கண்டுபிடித்துவிடும். லினக்ஸில் அப்படியில்லை. பெரிய எழுத்தில் பெயரிட்ட கோப்பு கண்முன்னே இருந்தாலும் இல்லை என்றே சொல்லும். விண்டோஸிலிருந்து, லினக்ஸில் ஓடும் ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவிக்கு மாறும் பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான்.

பிசிஎஸ்எக்ஸ் ரீஆர்ம்ட் கோரில் பயாஸுக்கு மாற்றான நிரல் உள்ளேயே இருக்கிறது. பயாஸ் இல்லாமலும் பல விளையாட்டுகள் ஓடும். ஆனால் நின்றுபோவதாகப் புகார் வரும்போது நான் முதலில் கேட்பது அசல் பயாஸ் வைத்திருக்கிறீர்களா என்பதைத்தான். மெமரி கார்டு தொடர்பான சிக்கல்களில் இது பெரிய வேறுபாட்டைக் காட்டும்.

பயாஸை எங்கிருந்து எடுப்பது? எமுலேட்டரோடு சேர்த்தே தரக்கூடாதா?

பயாஸ் சோனியின் பதிப்புரிமைக்கு உட்பட்டது. உங்களிடம் உள்ள பிளேஸ்டேஷனிலிருந்து எடுத்துக்கொள்வதுதான் நேர்மையான வழி. நானும் அதையே செய்தேன். எமுலேட்டர் எழுதுவது வேறு விஷயம். கனெக்டிக்ஸ் நிறுவனம் 1999-இல் வெளியிட்ட எமுலேட்டரை எதிர்த்துச் சோனி வழக்குத் தொடர்ந்தது. பயாஸ் எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொள்வதற்காக இடைக்கட்டத்தில் அதைப் பிரதியெடுத்தது நியாயமான பயன்பாடே என்று 2000 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கனெக்டிக்ஸ் விற்ற நிரலுக்குள் சோனியின் பயாஸ் இல்லை. அந்த வேறுபாடு இன்றைக்கும் பொருந்தும்.

அமெரிக்கப் பதிப்பு ஓடுகிறது, ஐரோப்பியப் பதிப்பு மட்டும் கறுப்புத் திரையில் நிற்கிறது. இமேஜ் சரியாகத்தான் இருக்கிறது.

அந்த விளையாட்டில் லிப்கிரிப்ட் என்ற பிரதித் தடுப்புப் பாதுகாப்பு இருக்கலாம். ஐரோப்பாவில் வெளியான பல விளையாட்டுகளில், ஃபைனல் ஃபேன்டசி 8, 9, மெடீவில் ஆகியவை உட்பட, இந்தப் பூட்டு உண்டு. வட்டின் துணைத்தடத் தரவில் (ஒவ்வொரு செக்டரோடும் தனியாக வரும் கூடுதல் தரவு) குறிப்பிட்ட சில இடங்களை வேண்டுமென்றே சிதைத்து, அந்தச் சிதைவுக்குள் 16 பிட் சாவியை ஒளித்து வைத்தார்கள். சாதாரணமாகப் பிரதியெடுக்கும்போது பிஐஎன் கோப்பில் துணைத்தடத் தரவு இடம்பெறாது. விளையாட்டு சாவியைத் தேடும், கிடைக்காது, தன்னைத் திருட்டுப் பிரதி என்று கருதி நின்றுவிடும்.

இதற்கு எஸ்பிஐ என்ற சின்னக் கோப்பு தேவை. சிதைந்த இடங்களின் விவரம் அதில் இருக்கும். அதை விளையாட்டின் அதே கோப்புறையில், அதே பெயரில் வையுங்கள். ஃபைனல் ஃபேன்டசி 9 நான்கு வட்டுகளில் வந்தது. ஒவ்வொரு வட்டுக்கும் தனி எஸ்பிஐ வேண்டும். முதல் வட்டுக்கு மட்டும் வைத்துவிட்டு இரண்டாவது வட்டில் போய் முட்டிக்கொள்ளாதீர்கள்.

எந்த அமைப்பு ஆட்டத்தை நிறுத்துகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எல்லா மேம்பாடுகளையும் அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். டக்ஸ்டேஷனில் அதற்கென்றே பாதுகாப்பு முறை என்ற ஒரு அமைப்பு இருக்கிறது. அதை இயக்கிப் பார்த்து ஆட்டம் ஓடினால், நீங்கள் ஆசையாக மாற்றிய ஏதோ ஒன்றுதான் காரணம். பிறகு ஒவ்வொன்றாக இயக்கிச் சோதியுங்கள். ஒரே நேரத்தில் மூன்றை மாற்றினால் எது காரணம் என்று கடைசி வரை தெரியாது.

நான் சந்தேகிக்கும் வரிசையைச் சொல்கிறேன். முதலில் பிராசசர் வேகக்கூட்டல். பிளேஸ்டேஷனின் பிராசசர் 33.8688 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. குறுந்தகட்டு ஒலியின் 44,100-ஐ 768-ஆல் பெருக்கினால் வரும் எண் அது. ஒலி, வட்டு, படம் எல்லாம் அந்தத் துடிப்பை நம்பியே எழுதப்பட்டன. வேகத்தைக் கூட்டினால் சில விளையாட்டுகள் மென்மையாக ஓடும், சில தாளம் தப்பி நிற்கும். அடுத்து வட்டு வாசிப்பு வேகம்: காத்திருப்பு குறையும் என்று எட்டு மடங்கு வைப்பார்கள், வட்டு குறிப்பிட்ட நேரத்தில் பதிலளிக்கும் என்று காத்திருக்கும் விளையாட்டு குழம்பிவிடும். மூன்றாவது, துவக்கப் படத்தைத் தாண்டிச் செல்லும் வேகத் துவக்கம். 8 மெகாபைட் நினைவகம், முப்பரிமாணப் படத்தின் நடுக்கத்தைக் குறைக்கும் பிஜிஎக்ஸ்பியின் பிராசசர் முறை, ஐரோப்பிய விளையாட்டை 60 ஹெர்ட்ஸுக்குத் தள்ளுவது ஆகியவை அதற்குப் பிறகு.

ஏமாற்றுக் குறியீடுகளை மறந்துவிடாதீர்கள். அவை நினைவகத்தின் ஒரு குறிப்பிட்ட முகவரியில் எண்ணைத் திணிக்கின்றன. அமெரிக்கப் பதிப்புக்கான குறியீட்டை ஐரோப்பியப் பதிப்பில் போட்டால், உயிர் எண்ணிக்கை இருக்க வேண்டிய இடத்தில் நிரலின் கட்டளை இருக்கலாம். அதை மேலெழுதினால் நிற்காமல் என்ன செய்யும்?

இவை எல்லாம் பலிக்காதபோது, பிராசசர் இயக்கத்தை ரீகம்பைலரிலிருந்து (கட்டளைகளை மொத்தமாக மொழிபெயர்ப்பது) இன்டர்ப்ரிட்டருக்கு (ஒவ்வொன்றாகப் படித்துச் செய்வது) மாற்றி அந்த ஒரு இடத்தை மட்டும் கடந்து பாருங்கள். மெதுவாகத்தான் ஓடும். ஆனால் அதில் கடந்துபோனால் ரீகம்பைலரில் பிழை இருக்கிறது என்று தெரிந்துவிடும். எமுலேட்டரை எழுதுபவர்களுக்கு அது விலைமதிப்பற்ற தகவல்.

சன்னலே மறைந்துவிடுகிறது. எந்தப் பிழைச் செய்தியும் இல்லை.

செய்தி இருக்கிறது, விண்டோஸ் அதை வேறு இடத்தில் எழுதி வைத்திருக்கிறது. ஈவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் பதிவுகளில் அப்ளிகேஷன் பகுதிக்குப் போங்கள். எமுலேட்டர் மூடிய நேரத்தில் சிவப்புக் குறியோடு, 1000 என்ற எண்ணோடு ஒரு பதிவு இருக்கும். அதில் பழுதான மாட்யூலின் பெயர் இருக்கும். அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தோம். பெயர் ‘என்வி’ என்று தொடங்கினால் என்விடியா டிரைவர், ‘ஏடிஐ’ என்றால் ஏஎம்டி, ‘ஐஜி’ என்றால் பெரும்பாலும் இன்டெல். மூன்றில் எதுவானாலும் டிரைவரைப் புதுப்பியுங்கள். கூடவே எமுலேட்டரில் படம் வரையும் முறை (ரெண்டரர்) ஓபன்ஜிஎல் என்றிருந்தால் வல்கனுக்கோ டைரக்ட்3டி 11-க்கோ மாற்றிப் பாருங்கள். ஏற்கெனவே வல்கன் என்றால் மற்றவற்றை முயலுங்கள். கிராபிக்ஸ் கார்டைக் கொண்டு வரையாத மென்பொருள் ரெண்டரரில் ஓடிவிட்டால் சந்தேகமே இல்லை, சிக்கல் கிராபிக்ஸ் பக்கம்தான்.

பதிவில் பிழை எண் சி000001டி என்றிருந்தால் காரணம் வேறு. பிராசசருக்குத் தெரியாத கட்டளையை எமுலேட்டர் கொடுத்திருக்கிறது. இன்றைய எமுலேட்டர்கள் பல எஸ்எஸ்இ4.1 போன்ற கட்டளைத் தொகுதிகளை எதிர்பார்க்கின்றன. மிகப் பழைய கணினிகளில் அவை இல்லை. பழைய பிராசசருக்கான தனிப் பதிப்பு இருந்தால் அதை இறக்கிக்கொள்ளுங்கள்.

விசிரன்டைம் என்று தொடங்கும் கோப்பு இல்லை என்று செய்தி வந்தால், மைக்ரோசாஃப்டின் தளத்திலிருந்து விசுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிளின் 64 பிட் பதிப்பை நிறுவினால் போதும். அந்த ஒரு டிஎல்எல் கோப்பை மட்டும் தரும் தளங்களை நம்பாதீர்கள். திரைப் பதிவு நிரல்கள், ஓரத்தில் பிரேம் எண்ணிக்கை காட்டும் நிரல்கள் ஆகியவற்றையும் ஒருமுறை மூடிவிட்டுப் பாருங்கள். அவை எமுலேட்டரின் படம் வரையும் பகுதிக்குள் நுழைந்து வேலை செய்கின்றன.

படத்தின் தெளிவை (ரெசல்யூஷன்) 16 மடங்கு வைத்தேன். சிறிது நேரத்தில் மூடிக்கொள்கிறது.

பிளேஸ்டேஷனின் பட நினைவகம் 1024-க்கு 512 புள்ளிகள். எமுலேட்டர் பெரிதாக்குவது திரையை மட்டும் இல்லை, இந்த முழுப் பரப்பையும். 16 மடங்கு என்றால் 16,384-க்கு 8,192. ஒரு புள்ளிக்கு 4 பைட் என்று வைத்தால் அந்த ஒரு பரப்புக்கே 512 மெகாபைட். ஆழத் தகவல், விளிம்பு மென்மையாக்கம் எல்லாம் அதன் மேல் ஏறும். அதே கணக்கு 4 மடங்குக்கு வெறும் 32 மெகாபைட். மடிக்கணினியின் உள்ளமைந்த கிராபிக்ஸுக்கு 4 போதும். 1080 வரித் திரையில் 5 மடங்குக்கு மேல் வைத்து நான் பெரிய வித்தியாசம் எதையும் கண்டதில்லை.

விண்டோஸ், கிராபிக்ஸ் கார்டு 2 வினாடிகளுக்குள் பதில் தராவிட்டால் டிரைவரை மீண்டும் துவக்கிவிடும். திரை கறுத்துத் திரும்பும் சிக்கலுக்கு இதுவே வழக்கமான காரணம்.

கைபேசியில் ஒரு அழைப்பு வந்து திரும்பினால் ஆட்டம் முதலிலிருந்து தொடங்குகிறது.

இது எமுலேட்டரின் பிழை இல்லை. நினைவகம் போதாதபோது பின்னணியில் இருப்பதை ஆண்ட்ராய்டு மூடிவிடுகிறது. பேட்டரி அமைப்பில் எமுலேட்டருக்குக் கட்டுப்பாடு வேண்டாம் என்று சொல்லுங்கள். கைபேசி கொதிக்கும் அளவுக்குச் சூடாகிறது என்றால் தெளிவைக் குறையுங்கள்.

எமுலேட்டரைப் புதுப்பித்தேன். சேவ் ஸ்டேட்டை ஏற்றியதும் நின்றுவிடுகிறது.

சேவ் ஸ்டேட் என்பது உள்ளே இருக்கும் பிளேஸ்டேஷனின் நினைவகம் முழுவதையும் அந்தக் கணத்தில் எடுத்த நகல். எமுலேட்டரின் உள்ளமைப்பு மாறினால் பழைய நகல் பொருந்தாமல் போகலாம். பழைய பதிப்பை மறுபடி இறக்கி, அதில் ஸ்டேட்டைத் திறந்து, விளையாட்டுக்குள்ளேயே உள்ள சேமிப்பு வசதியால் மெமரி கார்டில் சேமியுங்கள். பிறகு புதிய பதிப்புக்கு வாருங்கள். தயவுசெய்து ஸ்டேட்டை மட்டும் நம்பி நாற்பது மணி நேர ஆட்டத்தை ஒப்படைக்காதீர்கள்.

மெட்டல் கியர் சாலிட் ஆடும்போது திரை திடீரென்று கறுத்து, மூலையில் ஒரு பச்சை எழுத்து மட்டும் தெரிகிறது. போச்சா?

எதுவும் போகவில்லை. சைக்கோ மேன்டிஸ் என்ற எதிரியோடு மோதும் இடம் அது. தொலைக்காட்சி வீடியோ தடத்துக்கு மாறிவிட்டது என்று ஆடுபவரை நம்பவைக்க, ‘வீடியோ’ என்பதைப் போல ‘ஹிடியோ’ என்று எழுதிக் காட்டுகிறார்கள். சில வினாடிகள் பொறுங்கள், படம் திரும்பும். ஆனால் அதன் பிறகு உங்கள் அடி எதுவும் அவன் மேல் விழாது. கன்ட்ரோலரை இரண்டாவது துளைக்கு மாற்ற வேண்டும். எமுலேட்டரில் கன்ட்ரோலர் அமைப்புக்குப் போய், அதே கன்ட்ரோலரை இரண்டாம் துளைக்கு ஒதுக்கினால் சண்டை நகரும்.

பீட் என்பவர் எழுதிய பட ப்ளகினைப் போடு, ஒலி ப்ளகினை மாற்று என்று பழைய வழிகாட்டிகள் சொல்கின்றனவே?

அவை 2000-இல் வெளிவந்த இபிஎஸ்எக்ஸ்இ என்ற எமுலேட்டரின் காலத்து அறிவுரைகள். அன்றைக்குப் படம், ஒலி, வட்டு எல்லாவற்றுக்கும் தனித்தனி ப்ளகின், அதாவது இணைப்பு நிரல், வேண்டும். அந்த எழுத்தாளர்கள் செய்த உதவி பெரிது. இன்றைய எமுலேட்டர்களில் ப்ளகினே இல்லை. விட்டுவிடுங்கள்.

எல்லாம் செய்து பார்த்துவிட்டேன். பிழையை எப்படித் தெரிவிப்பது?

பெரும்பாலான எமுலேட்டர்களைத் தங்கள் சொந்த நேரத்தில் எழுதுகிறார்கள். ‘ஓடவில்லை’ என்று மட்டும் எழுதினால் அவர்களால் எதுவும் செய்ய முடியாது. விளையாட்டின் வரிசை எண், இமேஜ் ரீடம்ப் பட்டியலோடு பொருந்துகிறதா என்பது, எமுலேட்டரின் பதிப்பு, கிராபிக்ஸ் கார்டு, பாதுகாப்பு முறையிலும் நிற்கிறதா என்பது, எந்த இடத்தில் என்ன செய்தால் நிற்கிறது என்பது ஆகியவற்றை எழுதுங்கள். பதிவுக் கோப்பு எழுதும் வசதியை இயக்கி, நின்ற பிறகு அந்தக் கோப்பை இணையுங்கள். நிற்கும் இடத்துக்குச் சற்று முன் சேமித்த மெமரி கார்டு கோப்பையும் சேர்த்தால், அவர்கள் பத்து மணி நேரம் ஆடாமலே அந்த இடத்தை அடைந்துவிடுவார்கள்.

எமுலேட்டர் மூடியதில் சேமிப்பு போய்விட்டது போலிருக்கிறது. மீட்க முடியுமா?

முதலில் எமுலேட்டரை மறுபடி திறக்காமல் மெமரி கார்டு கோப்பை வேறு இடத்துக்கு நகலெடுங்கள். அசல் மெமரி கார்டு 128 கிலோபைட், அதில் 15 பகுதிகள் நமக்கு. கோப்பு 1,31,072 பைட் இருந்தால் நம்பிக்கை உண்டு. டக்ஸ்டேஷனின் மெமரி கார்டு எடிட்டரில் திறந்து, தெரிகிற சேமிப்புகளைப் புதிய கார்டுக்கு நகர்த்துங்கள். சுழியம் பைட் என்று காட்டினால் உள்ளே எதுவும் இல்லை. காப்புப் பிரதி இருக்கிறதா என்று தேடுங்கள். எமுலேட்டரை புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறைக்குள் வைத்திருந்தால் விண்டோஸ் எழுத விடாமல் தடுத்திருக்கலாம், வேறு இடத்துக்கு மாற்றுங்கள்.

ரெட்ரோஆர்க்கில் ஆடிய சேமிப்பு மட்டும் பிழைத்திருந்தால் அதுவும் உதவும். அதன் எஸ்ஆர்எம் என்ற சேமிப்புக் கோப்பு அதே 1,31,072 பைட் அளவில் இருந்தால், பெயரின் முடிவை எம்சிடி என்று மாற்றி டக்ஸ்டேஷனின் மெமரி கார்டு கோப்புறையில் வையுங்கள். நண்பர் ஒருவருடைய ஃபைனல் ஃபேன்டசி 7 சேமிப்பை, மூன்றாவது வட்டு வரை வந்திருந்ததை, இந்த வழியில்தான் மீட்டுக் கொடுத்தேன்.